மகப்பேறு மேற்படிப்பு இல்லாமல் வளரிளம் பருவ நலத்தில் வேலை செய்ய முடியுமா?

வணக்கம் தோழி. எம்பிபிஎஸ் முடித்திருக்கிறீர்கள், வளரிளம் பருவத்தினரின் பாலியல், இனப்பெருக்க நலத்தில் வேலை செய்ய ஆசை, வீட்டிலோ மகப்பேறு எம்எஸ்தான் என்கிறார்கள். அது கட்டாயமா என்று கேட்டீர்கள். இல்லை.

அறுவை அரங்கும் நடுராத்திரிப் பிரசவமும் பிடிக்குமென்றால் எடுங்கள். வீட்டுக்காக எடுத்தால் மூன்று வருடம் ரொம்ப நீளம். திட்டம், ஆய்வு என்று போக சமூக மருத்துவ எம்டி நல்ல வழி. மும்பையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க, குழந்தை நல ஆய்வு நிறுவனமே இருக்கிறது. தோல், பால்வினை நோய் எம்டியும் உண்டு. (எல்லோரும் அதை லேசர் கிளினிக் என்றே நினைக்கிறார்கள்!)

அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். 10 முதல் 19 வயதினருக்காக 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் தனி கிளினிக்குகள் உண்டு. அங்கே கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். வயிற்று வலி என்று வந்த பெண், அம்மா வெளியே போன பிறகுதான் நிஜக் கேள்வியைக் கேட்பாள்.

அப்புறம், சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவரிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசில் புகார் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் அடையாளத்தை அந்தப் புகாரில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.