'மகளே' என்று அழைத்தவர் இருக்கிறார்

கேள்வி: பல வருடங்களுக்கு முன் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு ஜெபித்துவிட்டேன். ஆனாலும் ஆராதனையில் தலைநிமிர முடியாமல் கூசுகிறது. என் விசுவாசம் போலியா?

பதில்: போலி இல்லை, சகோதரி. செய்த தவறு வேறு, 'நானே தவறானவள்' என்று உள்ளே ஓயாமல் குத்துகிற எண்ணம் வேறு. முதலாவதுக்கு மன்னிப்பு கேட்டாயிற்று, சரி. இரண்டாவதைத்தான் யாரிடமும் கொண்டுபோகாமல் சுமக்கிறீர்கள். மாற்கு 5-ம் அதிகாரத்தைப் பாருங்கள்: 12 வருடம் பெரும்பாட்டால் (நிற்காத உதிரப்போக்கால்) அவதிப்பட்டு, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பெண், முன்னால் வரத் துணிவில்லாமல் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள், சுகமும் ஆகிவிடுகிறது. ஆனால் அவர் அதோடு விடவில்லை, தொட்டது யார் என்று கேட்டு நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே உண்மை முழுவதையும் சொன்னதும், அத்தனை பேர் முன்னாலும் 'மகளே' என்கிறார். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) இல்லை என்று ரோமர் 8:1-ல் எழுதியவரும் ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்திய பவுல்தானே? அதனால் கூச்சம் அடங்கட்டும் என்று காத்திருக்காமல், அது வரும்போதே 'நான் அவருடைய மகள்' என்று வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். அப்புறம், வெளியே சொல்லாத, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் மனதில் உள்ளதை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுங்கள்.