அடைப்பே இல்லை, ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. சுகர், பிரஷர் இல்லை, சிகரெட் தொட்டதில்லை. திடீரென்று வலது கை விழுந்து பேச்சு குழறியது. ஸ்கேனில் ‘கரோட்டிட் வெப்’ என்கிறார்கள். குழாய் அடைக்கவில்லையாம், பிறகு ஏன் ஆபரேஷன்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. தம்பிக்கு இருப்பது கொழுப்பு அடைப்பு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், பின்சுவரிலிருந்து மெல்லிய மடிப்பு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், இதுதான் ‘கரோட்டிட் வெப்’. ரத்தம் அதன் மேல்பக்கம் சுழித்துத் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போய்விடும். அதனால் குழாய் குறுகாமலே பக்கவாதம் வருகிறது. சாதாரண அல்ட்ராசவுண்டில் இது தப்பிவிடலாம், ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ‘சிடி ஆஞ்சியோ’ ஸ்கேன் நன்றாகக் காட்டும்.

ஆஸ்பிரின் போன்ற மாத்திரை மட்டும் எடுப்பவர்களில் கணிசமானோருக்குத் திரும்ப வந்திருக்கிறது, ஆபரேஷன் பேசுவது இதனால்தான். கழுத்தைத் திறந்து மடிப்பை வெட்டி எடுப்பார்கள், இல்லையென்றால் ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாயை வைத்துச் சுவரோடு அமுக்குவார்கள். ஆபரேஷனின்போதே பக்கவாதம் வரும் அபாயம் சிறிதளவு உண்டு, நரம்பு பட்டால் குரல் கம்மலாம், இதையெல்லாம் டாக்டரிடம் விட்டுவிடாமல் கேளுங்கள்.

சரி, அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ டாக்ஸி தேடாதீர்கள், உடனே ஆம்புலன்ஸுக்கு 995 (சிங்கப்பூர் அவசர எண்).