வாயும் பல்லும்: வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாளிதழிலோ வாட்ஸ்அப்பிலோ படித்த ஓர் ஆய்வைக் குறிப்பிட்டு, அதை நம்பலாமா என்று கேட்கின்றன. ஓர் ஆய்வை எடைபோடும்போது யாரைச் சோதித்தார்கள், எவ்வளவு காலம் கவனித்தார்கள், கடைசியில் எதை அளந்தார்கள் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கீழுள்ள பதில்களும் அந்த வழியிலேயே எழுதப்பட்டவை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.6 விழுக்காட்டிலிருந்து இறங்கவில்லை. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. "உடம்புச் சூடு" என்று அவர் விட்டுவிடுகிறார். பலதுறை மருந்தகத்தில் தாதி, ஈறுக்குச் சிகிச்சை எடுத்தால் சர்க்கரையும் குறையலாம் என்றார். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? (வாசகி, ஈசூன்)

பதில்: தாதி சொன்னது சரி. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: ஈறிலிருந்து ரத்தம் கசிவது உடம்புச் சூட்டினால் அன்று, ஈறு அழற்சியினால். வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடக் கூடியதும் அன்று.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இரு பக்கமும் செல்வது. ரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் உயர்ந்திருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் திறன் குறைகிறது, ஈறுத் திசு ஆறுவதும் தாமதமாகிறது. அதனால் பல்லைத் தாங்கும் எலும்பு விரைவாகக் கரைகிறது. மறுபக்கம், ஈறின் அடியில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. வாயில் வலி பெரிதாக இல்லாததால் இது நடப்பதே நோயாளிக்குத் தெரிவதில்லை.

ஈறைச் சரிசெய்தால் சர்க்கரை குறையுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே நெடுங்காலம் உடன்படவில்லை. 2013-இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், ஆறு மாதம் கழித்தும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் அந்த நோயாளிகளின் வாயில் சிகிச்சைக்குப் பிறகும் அழுக்குப் படலமும் ரத்தக்கசிவும் கணிசமாக எஞ்சியிருந்தன. ஈறு நோயே சரிவர அடங்காதபோது சர்க்கரை இறங்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும் என்று வல்லுநர்கள் பலர் கேட்டனர். 2018-இல் லண்டனில் வெளியான ஆய்வில் 264 நீரிழிவு நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஈறின் அடிவரை முழுமையான சிகிச்சையும், தேவைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் தரப்பட்டன; மறு பாதியினருக்கு மேற்பரப்புச் சுத்தம் மட்டுமே. ஓராண்டு முடிவில் முதல் பிரிவினரின் மூன்று மாதச் சர்க்கரை அளவு மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 0.6 விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2022-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளியும் ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைவதாகக் கண்டது. இது மாத்திரைக்கு மாற்று அன்று; ஆனால் 8.6-இல் நிற்கும் ஒருவருக்கு ஒதுக்கிவிடக்கூடிய அளவும் அன்று.

எனவே உங்கள் தாயாருக்கு வேண்டியது வெறும் ஸ்கேலிங் (பல்லின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தல்) அன்று. முதலில் ஈறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளந்து, "இரண்டு, மூன்று, ஆறு" என்று மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். மூன்று வரை நலம். நான்கும் அதற்கு மேலும் இருந்து ரத்தமும் கசிந்தால் அங்கே நோய் இருக்கிறது. அந்த இடங்களை மரத்துப்போகச் செய்து, வேர்மேல் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே வருகையில் முடியாது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து எண்கள் இறங்கியுள்ளனவா என்று பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. பலர் அந்த வருகைக்கு வராமல் போவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் சிங்கப்பூர்த் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் உதவிக் கட்டணத்தில் ஈறு நிபுணரைக் காணலாம். உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் அண்மைய சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள். காலை உணவையும் வழக்கமான மருந்தையும் தவிர்த்துவிட்டுச் செல்லக் கூடாது. வீட்டில், பல்லிடுக்கில் நுழையும் சிறு தூரிகையை நாள்தோறும் அவர் பயன்படுத்தப் பழக வேண்டும். இடுக்கின் அளவுக்கு ஏற்ற தூரிகை எது என்று மருத்துவரே காட்டித் தருவார்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஐந்து பற்களில் சொத்தை. மயக்க மருந்து கொடுத்து அடைப்பதற்குப் பதிலாக, ஒரு திரவத்தைத் தடவினால் சொத்தை நின்றுவிடும், ஆனால் பல் கறுத்துவிடும் என்று மருத்துவர் சொல்கிறார். "விழப்போகும் பால்பல்லுக்கு எதற்கு வைத்தியம்?" என்கிறார் என் மாமியார். என்ன செய்வது? (வாசகி, செங்காங்)

பதில்: அந்தத் திரவம் சில்வர் டையமின் ஃபுளோரைடு. அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது. ஃபுளோரைடு மென்மையாகிப்போன பல்லை இறுக்குகிறது. உதட்டில் வாஸ்லின் தடவி, பல்லைப் பஞ்சால் உலர்த்தி, குண்டூசித் தலையளவுத் தூரிகையால் ஒரு துளியைக் குழியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்திருந்தால் போதும். ஊசியும் இல்லை, இழைக்கும் கருவியின் இரைச்சலும் இல்லை. சில நாள்களில் சொத்தைப் பகுதி கறுத்துக் கெட்டியாகும். அந்தக் கறுப்பு போகாது.

அமெரிக்காவில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம், மருந்தில்லாத வெறும் திரவத்தோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வின் இடைக்கால முடிவு 2024-இல் வெளியானது. ஆறு மாதத்தில் மருந்து தடவிய சொத்தைகளில் 54 விழுக்காடு நின்றுவிட்டன. வெறும் திரவம் தடவியவற்றில் 21 விழுக்காடு. அதே ஆண்டில், நியூயார்க் நகரப் பள்ளிகளில் 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை நான்கு ஆண்டு கவனித்த இன்னோர் ஆய்வு, புதிய சொத்தை வராமல் காப்பதில் இம்மருந்து, பல்லின் பள்ளங்களை மூடும் முறைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. பள்ளித் தாதியர் தடவியபோதும் பலன் குறையவில்லை.

54 என்பது நூறு இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே ஒருமுறை தடவியதோடு நிறுத்தாமல், ஆறு மாதத்தில் மீண்டும் சோதித்துத் தேவைப்பட்டால் தடவ வேண்டும். பிள்ளை இரவில் வலியால் விழித்துக்கொண்டாலோ, ஈறில் சீழ்க்கட்டி தெரிந்தாலோ, சொத்தை நரம்பைத் தொட்டிருக்கிறது. அந்தப் பல்லுக்கு இம்மருந்து பயன்படாது. வெள்ளி ஒவ்வாமை இருந்தாலும் கூடாது. கறுப்பு உங்களுக்கு மனக்குறையாக இருந்தால் கடைவாய்ப் பற்களுக்கு இதையும் முன்பற்களுக்கு வேறு முறையையும் கேட்டுப் பார்க்கலாம். என் கருத்தில், நான்கு வயதுப் பிள்ளையை முழு மயக்கத்துக்கு உட்படுத்துமுன் இதை முயல்வது நியாயமானது.

மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்: கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. பிரிட்டனில் சொத்தையுள்ள 1,144 பிள்ளைகளிடம் சொத்தையை அடைத்தல், உறையிட்டு மூடுதல், தடுப்புப் பராமரிப்பு மட்டும் என மூன்று வழிகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. வழிகளுக்கிடையே தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் எந்த வழியில் சென்றாலும் பத்துப் பிள்ளைகளில் நால்வருக்கு மேல் ஒருமுறையாவது வலியோ தொற்றோ வந்தது. பால்பல் தானே விழும் என்று காத்திருக்கும் காலத்தில் பிள்ளை படும் பாடு இது. படுக்கையில் பால்புட்டி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்வது தேவையற்றது என்று ஆய்வே சொல்கிறதாமே? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 1,877 பேர் மூன்றாண்டு கவனிக்கப்பட்டனர். ஆறு மாதத்துக்கொருமுறை செய்தவர்கள், ஆண்டுக்கொருமுறை செய்தவர்கள், செய்யாதவர்கள் ஆகியோரிடையே ஈறு ரத்தக்கசிவில் வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் செல்பவர்கள். கடும் ஈறு நோய் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. உங்கள் ஈறு நலமாக இருந்து, புகைபிடிக்காமல், நீரிழிவும் இல்லாவிட்டால், எத்தனை மாதத்துக்கொருமுறை வருவது என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். முதல் கேள்வியில் வந்த நீரிழிவுள்ள தாயாரைப் போன்றவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

கேள்வி: நல்லெண்ணெய் கொப்பளித்தால் ஈறு நோய் தீரும் என்பது நிரூபிக்கப்பட்டதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இதுவரை நடந்தவை பெரும்பாலும் சில பத்துப் பேரிடம் சில வாரங்கள் நடத்தப்பட்ட சிறிய ஆய்வுகள். அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் எச்சிலில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவது தெரிகிறது. அழுக்குப் படலமும் ஈறு வீக்கமும் குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பல் விழாமல் நிற்கிறதா என்பதை அவை அளக்கவே இல்லை. பாட்டி காலத்துப் பழக்கமாக நீங்கள் விரும்பிச் செய்தால் தடுக்கமாட்டேன். ஆனால் ஃபுளோரைடு பற்பசைக்கும் ஈறு சிகிச்சைக்கும் பதிலாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். விழுங்கும்போது புரையேறும் முதியவர்கள் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தொல்லை பெரிது.

கேள்வி: ஜப்பானில் பல் முளைக்க மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். செயற்கைப் பல் கட்டாமல் காத்திருக்கலாமா? (வாசகர், பிடோக்)

பதில்: காத்திருக்க வேண்டாம். யுசாக்-1 என்னும் புரதம் பல் வளர்ச்சியைத் தடுக்கிறது. அதை அடக்கும் மருந்தால் எலிகளுக்கும் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்குக்கும் பல் முளைத்தது. கியோட்டோவில் 2024-இல் தொடங்கிய முதல் மனிதச் சோதனை, பல் இழந்த 30 ஆண்களிடம் மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கே. அடுத்த இலக்கும் பிறவியிலேயே பற்கள் இல்லாத பிள்ளைகள்தான். பல் போன இடத்தை நெடுநாள் விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும்.

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 74 வயது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை பாக்கு போடுகிறார். புகையிலை சேர்ப்பதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்கிறார். இப்போது ரசம் சாப்பிட்டாலே வாய் எரிகிறதாம். வாயைப் பெரிதாகத் திறக்கவும் முடியவில்லை. (வாசகி, தோ பாயோ)

பதில்: இந்தக் கடிதத்தை மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானதாகக் கருதுகிறேன். தயவுசெய்து இந்த வாரமே அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. உலகில் 2022-இல் கண்டறியப்பட்ட 389,800 வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 120,200-க்குப் புகையில்லாப் புகையிலையும் பாக்குமே காரணம் என்று அதே அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. சிங்கப்பூரில் மெல்லும் புகையிலை 2016 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் வெற்றிலையும் பாக்கும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) தாராளமாகக் கிடைப்பதால், அவை தீங்கற்றவை என்ற எண்ணம் நம் மூத்தோரிடம் வேரூன்றியிருக்கிறது.

காரம் பட்டால் எரிவதும் வாய் திறக்க முடியாமல் போவதும், பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகும் நோயின் அறிகுறிகள். இது புற்றுநோய் அன்று, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியது. இறுகிய தோல் முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்கை நிறுத்தினால் மேலும் முற்றாமல் தடுக்க வாய்ப்புண்டு.

வாயை விளக்கொளியில் பார்ப்பது மட்டுமே உயிரைக் காக்குமா என்று கேட்பீர்கள். கேரளாவின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது; பதினைந்து ஆண்டு கழித்துக் கணக்கிட்டபோது அந்தக் குறைவு 24 விழுக்காடாக இருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் அத்தகைய பலன் தெரியவில்லை. ஆகவே ஆபத்து மிகுந்தவர்களைத் தேடிப் பார்ப்பதில்தான் பயன்; புகையிலை சேர்க்காவிட்டாலும் நாற்பது ஆண்டாகப் பாக்குப் போடும் உங்கள் அப்பத்தாவும் அப்படிப்பட்டவர்.

மருத்துவரிடம் பாக்குப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வயதில் பெரியவர் என்பதால் கேட்கத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு; நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டு நாக்கின் பக்கங்களையும் அடிப்பகுதியையும் இரு கன்னங்களையும் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், இறுகிய கன்னத்தைக் காலமெல்லாம் குறித்த இடைவெளியில் சோதித்துவர வேண்டும். பாக்கை ஒரே நாளில் விட முடியாமல் அவர் தடுமாறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாற்பது ஆண்டுப் பழக்கத்தைக் கடிந்துபேசி நிறுத்திவிட முடியாது, உதவியோடுதான் விட முடியும்.