மூன்றடி வீரன் எத்தனை கிலோ தூக்குவான்?

கேள்வி: கீழக்கரையில் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கதை நடத்தும் நண்பன் எங்கள் ஊர் சாயலிலேயே ஒரு துறைமுகப் பட்டினத்தை உருவாக்கியிருக்கிறான். என் கேரக்டர் ஹாஃப்லிங், அதாவது மனிதனில் பாதி உயரமுள்ள கற்பனைக் குள்ள இனம். படகிலிருந்து மீன் பெட்டி இறக்கும் காட்சியில், "நீ மூணடிதானே, உனக்குப் பலத்துல ரெண்டு குறையும்" என்றான். இன்னொரு நண்பன், அப்படி ஒரு விதியே கிடையாது என்கிறான். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு விதிப்புத்தகம் வாங்கி இதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். பழைய புத்தகம் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு பதிப்பைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பதிப்பைப் பாருங்கள்.

இந்த ஆட்டம் 1974-ல் வந்தது. ஒவ்வொரு கேரக்டரின் பலத்துக்கும் இதில் ஒரு மதிப்பெண் உண்டு. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஆண் ஹாஃப்லிங்கின் பலம் 17-ஐத் தாண்டக்கூடாது, பெண் ஹாஃப்லிங்கின் பலம் 14-ஐத் தாண்டக்கூடாது என்று இருந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பலத்தில் ஒன்று குறைத்தார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஹாஃப்லிங்குக்கும் நோம் என்ற இன்னொரு குள்ள இனத்துக்கும் இரண்டு குறைந்தது. உங்கள் நண்பர் சொன்ன கணக்கு இதுதான். 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் அந்தக் கழித்தல் போய்விட்டது. ஐந்தாம் பதிப்பான 2014, 2024 புத்தகங்களிலும் கிடையாது. மலிவாக வரும் பழைய புத்தகம் 2003-ல் வந்த மூன்றரைப் (3.5) பதிப்பாக இருந்து, நீங்கள் ஆடுவது புதிய பதிப்பாக இருந்தால், நீங்கள் ஒன்று ஆட, புத்தகம் வேறொன்று சொல்லும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2014 புத்தகப்படி ஹாஃப்லிங்கின் உயரம் மூன்றடி, எடை சுமார் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. சுமக்கக்கூடிய எடை என்பது பலத்தைப் பதினைந்தால் பெருக்கி வரும் பவுண்டு. பலம் 10 என்றால் 150 பவுண்டு, 68 கிலோ. ஆறடி மனிதனுக்கும் இதே கணக்குதான். தன் எடையைப்போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான சுமையோடு ஹாஃப்லிங் நாள் முழுக்க நடக்கலாம். பாம்பனில் ஐஸ் போட்ட மீன் பெட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவதைப் பார்த்து வளர்ந்த உங்கள் நண்பருக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

அவர் உறுத்தலில் நியாயமும் இருக்கிறது. உயரம் பாதியானால் தசையின் குறுக்குப் பரப்பு கால் பங்காகும், எடை எட்டில் ஒரு பங்காகும். தசையின் இழுவிசை அந்தப் பரப்பைப் பொறுத்தது. ஆறடி ஆள் 68 கிலோ தூக்கினால், அதே உடல்வாகுள்ள மூன்றடி ஆள் 17 கிலோ தூக்குவார். சின்ன உடலுக்கு அது நல்ல பலம்தான், ஆனால் 68 கிலோ ஆகாது. மூன்றரைப் பதிப்பில் சிறிய உடலுக்குச் சுமை முக்கால் பங்கு. பலம் 10-லிருந்து 8 ஆகிவிட்ட ஹாஃப்லிங்குக்கு அதிகபட்சச் சுமை 60 பவுண்டு, 27 கிலோ. இயற்கைக்குப் பக்கத்தில் நிற்பது பழைய விதிதான்.

இருந்தும் நான் வாங்கச் சொல்வது 2024 புத்தகத்தை. பலத்தில் இரண்டு குறைந்தால் அது மூட்டை தூக்கும்போது மட்டும் வலிக்காது, ஒவ்வொரு வாள்வீச்சிலும் வலிக்கும். ஹாஃப்லிங் வீரனாக ஆட ஆசைப்படும் ஒருவர், பகடையை எடுக்கும் முன்பே மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். அது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2014 புத்தகத்தில் இன்னொரு தடை உண்டு. பெரிய இருகை வாள் போன்ற கனரக ஆயுதம் எடுக்கும் சிறிய உருவத்தார், இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2024-ல் உருவ அளவை விட்டுவிட்டுப் பலத்தைக் கேட்கிறார்கள். நெருங்கி நின்று வீசும் கனரக ஆயுதத்துக்குப் பலம் 13 இருந்தால் போதும், ஹாஃப்லிங்கும் பிடிக்கலாம். நண்பர் மனம் ஆறவில்லை என்றால், தாக்குதலைத் தொடாமல் சுமையை மட்டும் முக்கால் பங்காக்கும் வீட்டு விதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பெட்டி கனக்கும், உங்கள் கேரக்டரும் கெடாது.

காசு போடுவதற்கு முன் ஒன்று. அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். 2024 விதிகளுக்கான தொகுப்பும் 2025-ல் வந்துவிட்டது. ஹாஃப்லிங், நோம் இரண்டும் அவற்றில் உண்டு. தரவிறக்கிச் சில வாரம் ஆடிப் பாருங்கள். ஐந்து பேருக்கும் பிடித்திருந்தால் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: "28 மி.மீ." என்று போட்டிருந்த, இந்த ஆட்டத்துக்கான பொம்மைத் தொகுப்பை ஆன்லைனில் வாங்கினேன். மனித வீரன் சரியாக இருக்கிறான். ஹாஃப்லிங்கும் நோமும் அதில் பாதிதான். குறைபாடுள்ள பொருள் என்று திருப்பிவிடலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: இது குறைபாடு இல்லை. 28 மி.மீ. என்பது அளவுகோலின் பெயர். சராசரி மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து கண் வரை ஏறக்குறைய அவ்வளவு வரும், சிலர் உச்சந்தலை வரை அளப்பார்கள். மூன்றடி ஆள் அதில் பாதி உயரம் இருப்பதுதான் முறை. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், 15 மி.மீ. பக்கம் வந்தால் செய்தவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். அடித்தட்டு இரண்டுக்கும் ஒரே அளவாக இருப்பதும் சரியே. சிறிய உருவமும் நடுத்தர உருவமும் ஆட்டப் பலகையில், கதைக் கணக்குக்கு ஐந்தடி எனக் கொள்ளும் கட்டம் ஒன்றைத்தான் பிடிக்கும்.

விற்பனைப் பக்கத்தில் "எல்லா உருவமும் 28 மி.மீ. உயரம்" என்று தெளிவாக எழுதியிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகம் என்று போட்டு மூன்றரைப் பதிப்பை அனுப்பிவிட்டார்கள். உறையைப் பிரித்ததால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். (தொண்டி வாசகர்)

பதில்: உறையைப் பிரிக்காமல் உள்ளே என்ன பதிப்பு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் கடையோ வியாபாரமோ இல்லாத ஒரு தனியாள் தன் சொந்தப் புத்தகத்தை விற்றிருந்தால் மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவரிடம் வாங்கும்போது, பதிப்பும் ஆண்டும் அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.