ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட்: நீங்கள் கேட்டவை

அப்டேட்டுக்குப் பிறகு நண்பர் கணினியில் டேப் எல்லாம் இடது பக்கம் வரிசையாக நிற்கிறது. எனக்கு அப்படி வரவில்லையே?

தானாக வராது, நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் பிரவுசர் லேஅவுட் என்ற இடத்தில் வெர்டிகல் டேப்ஸைத் தேர்வு செய்யுங்கள். அகலமான திரை இருந்தால் கட்டாயம் ஒரு வாரம் பழகிப் பாருங்கள், ஏனென்றால் மேலே இருபது டேப் நெருக்கியடித்து நின்றால் எது எதுவென்றே தெரியாது, பக்கவாட்டில் வைத்தால் தலைப்பைப் படிக்க முடிகிறது. பிடிக்கவில்லையா, அதே இடத்தில் ஹாரிசான்டலுக்குத் திரும்பிவிடலாம்.

4 ஜிபி ராம்தான் இருக்கிறது. எப்போதும் நாற்பது டேப் திறந்திருக்கும். மூடவும் மனசு வரவில்லை, கணினியோ திணறுகிறது.

மூட வேண்டாம், தூங்க வையுங்கள். 140-ஆம் பதிப்பிலிருந்து டேப் மேல் ரைட் கிளிக் செய்தால் அன்லோட் டேப் என்று வரும். டேப் வரிசையில் அப்படியே இருக்கும், ஆனால் அது பிடித்து வைத்திருந்த நினைவகம் விடுபடும், மறுபடி கிளிக் செய்தால் பக்கம் புதிதாக லோட் ஆகும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பாதி நிரப்பிய விண்ணப்பம் இருக்கிற டேப்பில் இதைச் செய்யாதீர்கள், தட்டியதெல்லாம் போய்விடலாம்.

அப்புறம், நாற்பதையும் பிரித்து வைக்க டேப் குரூப் இருக்கிறது. ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் குரூப் உருவாகும், பெயரும் நிறமும் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் 'சேவ் அண்ட் குளோஸ் குரூப்' கொடுத்தால் குரூப் பத்திரமாக இருக்கும், தேவைப்படும்போது டேப் பட்டியலிலிருந்து திறந்துகொள்ளலாம். பக்கத்திலேயே 'டெலீட் குரூப்' என்றும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு, நிதானமாகப் பார்த்து அழுத்துங்கள்.

வீட்டில் ஒரே கணினி. எனக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் வைத்தால் போதுமா?

குழப்பம் தீரும், பாதுகாப்பு கிடைக்காது. புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்ட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனி, ஆனால் அதற்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் உங்கள் ப்ரொஃபைலுக்கு மாறிக்கொள்ளலாம். வங்கி வேலை பார்க்கும் கணினி என்றால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கு தொடங்குங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு ப்ரைமரி பாஸ்வேர்டும், அதாவது அவற்றைத் திறக்கக் கேட்கும் ஒரு பாஸ்வேர்டும், போட்டுவிடுங்கள்.

பிடிஎஃப் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். பிரவுசரிலேயே முடியாதா?

முடியும், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். ஆதார் எண்ணும் முகவரியும் இருக்கிற தாளை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பிடிஎஃப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் மேலே எழுத, வரைய பொத்தான்கள் இருக்கும், இது 2022-இலிருந்தே உண்டு. 2023-இல் வந்த 119-ஆம் பதிப்பிலிருந்து படமும் சேர்க்கலாம். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து, சேர்த்து, சேவ் செய்யுங்கள். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும்.

இன்னும் விண்டோஸ் 7. புதிய பதிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது.

ஏறாது. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் 115-ஆம் பதிப்புதான் கடைசி, அதன் இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக் கொடுத்தார்கள். மேலே சொன்ன டேப் வசதிகள் எதுவும் அதில் வராது. புதிய கணினி வாங்கும் நிலை இல்லையென்றால் அதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக, எடை குறைந்த லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிப் பாருங்கள், லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நல்ல தொடக்கம். நிறுவும் முன் ஃபோட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வேறு டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சரியா?