விட்டதைப் பிடிக்க இயலுமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் லொத்தர்ச் சீட்டு வாங்குகின்றேன். இத்தனை முறை தோற்றவனுக்குப் பெரும் பரிசு நெருங்கியிருக்காதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: நெருங்கியிராது, அன்பரே. ஓர் ஆங்கில எழுத்தும் 6 இலக்கங்களும் வரிசையாகப் பொருந்த வேண்டிய சீட்டில் 2 கோடியே 60 இலட்சம் சேர்க்கைகள் உள்ளன. நேற்றுத் தோற்ற சீட்டை இன்றைய குலுக்கல் அறியாது என்பதால், எத்தனை ஆண்டுகள் வாங்கினாலும் அடுத்த சீட்டின் வாய்ப்பு அணுவளவும் கூடுவதில்லை. ஓர் இலக்கம் மட்டும் தவறும்போது "மயிரிழையில் போயிற்றே" என்று மனம் பதைப்பதையே நான் மிகவும் அஞ்சுகின்றேன். சீட்டுக் காசை, திருநெல்வேலிச் சந்தையில் குடித்த தேநீரின் விலையைப் போலச் செலவாகவே எழுதிவிடுங்கள்; அதை மீட்பதற்காக வீட்டு நகையை அடகு வைக்கக் கை நீளுமாயின், அன்றே வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, 1926 என்ற இலங்கைத் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.