ஏர் ஃபில்டரைத் தொட்டால் ஜெட்டையும் பாருங்கள்: பழைய பைக் கேள்வி பதில்

ஆர்எக்ஸ் 100, காஸ்ட் அயர்ன் புல்லட் மாதிரி மிகுனி விஎம் வகை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஜெட் என்பது அதற்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும், ஓட்டை போட்ட சிறு பித்தளைத் துண்டு.

கேள்வி: அண்ணே, ஆர்எக்ஸ் 100-ல் ஒரிஜினல் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டினேன். முழுசா முறுக்கினா இழுக்காம தவிக்குது. மெயின் ஜெட் என்ன நம்பர் போடணும்?

முதலில், ஜெட் மாற்றும்வரை வண்டியை முழுசாக முறுக்காதீர்கள். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. கலவை மெலிந்தால் சூடு ஏறும், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்தால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

இந்த நம்பர்தான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. சைலன்சர், போர்ட் (சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் வழி), ஃபில்டர் எல்லாம் சேர்ந்துதான் அது முடிவாகும். இப்போது இருக்கும் ஜெட்டின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 90 என்றிருந்தால் 95, 100, 105 மூன்றும் வாங்குங்கள். பெரியதில் இருந்து ஆரம்பித்து இறங்கி வர வேண்டும், சிறியதில் இருந்து ஏறக் கூடாது. காலி ரோட்டில் மூன்றாவது கியரில் முழுசாக முறுக்கினால் பெரிய ஜெட்டில் வண்டி அடைத்தமாதிரி பொருமும். ஒவ்வொரு அளவாக இறக்குங்கள். பொருமல் நின்று சுத்தமாக இழுக்கிற அளவு கிடைத்ததும், அதற்கு ஒரு அளவு மேலே உள்ளதைப் போட்டு விட்டுவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல்தான் காப்பு.

என் கருத்தைக் கேட்டால், தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஒரிஜினல் பாக்ஸையே திரும்ப மாட்டுங்கள். அது வெறும் மூடி அல்ல, காற்று சீராக வருவதற்கென்றே அந்தக் கொள்ளளவில் செய்தது. திறந்த ஃபில்டர் மழைத்தண்ணீரையும் இழுக்கும்.

கேள்வி: புல்லட் 350. பாதி ஆக்ஸிலேட்டரில் திணறல். மெக்கானிக் மெயின் ஜெட்டை இரண்டு தடவை மாத்திட்டார், மாற்றமே இல்லை.

மெயின் ஜெட்டின் ஆட்சி முக்கால் திறப்புக்கு மேலேதான். பாதித் திறப்பில் அதை மாற்றி என்ன ஆகப்போகிறது? ஹேண்டிலில் சுவிட்ச் பக்கமும் கிரிப்பிலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். அரைக்கால் திறப்புவரை ஸ்லோ ஜெட்டும் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) ஏர் ஸ்க்ரூவும் (அதற்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு). அங்கிருந்து கால்வரை ஸ்லைடின் (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் உருளை) வெட்டு. கால் முதல் முக்கால்வரை நீடில் (ஸ்லைடில் கிளிப்பால் தொங்கும் கூரான ஊசி). அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலக்கும், ஆனால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

கலவை மெலிவா, கெட்டியா என்று தெரிய ஒரு வழி: திணறுகிற அதே திறப்பில் சோக்கைக் கொஞ்சம் போடுங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் கூடுதலாகப் போகிறது.

கேள்வி: அப்போ நீடில் கிளிப்பை எந்தப் பக்கம் மாத்தணும்? ஆளுக்கொன்று சொல்றாங்க.

குழப்பம் வருவதற்குக் காரணம், கிளிப்பும் நீடிலும் எதிரெதிர்த் திசையில் போவதுதான். கிளிப்பைக் கூர்முனை பக்கம் ஒரு காடி இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். மேல் காடிக்கு ஏற்றினால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். ஐந்து காடி இருந்தால் நடுவில் ஆரம்பித்து, ஒரு தடவைக்கு ஒரு காடி மட்டும் மாற்றுங்கள். நீடிலையும் ஜெட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேள்வி: ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று?

ஒன்றரையில் ஆரம்பியுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி சூடாக்கிய பிறகுதான் இந்த வேலை. ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்புங்கள். இறுக்கினால் முனை அழுந்தி, அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். ஒன்றரை சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, ஐட்லிங் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரையைத் தாண்டினால் பெரியது. இந்தக் கணக்கு, ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கிற கார்புரேட்டருக்கு. அதில் வெளியே திருப்பினால் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, எல்லாம் தலைகீழ்.

எத்தனை திருப்பியும் ஐட்லிங் நிற்கவில்லையா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஏர் லீக் இருக்கலாம். அந்த இணைப்பில் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே பண்ணுங்கள். ஐட்லிங் மாறினால் ஓ-ரிங், கேஸ்கெட்டை மாற்றாமல் ஜெட் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவலாமா?

வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், ஒட்டிய இடம் விட்டுப்போவது மறுபுறம். மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பிழியுங்கள், துணி மாதிரி முறுக்கினால் கிழியும். நிழலில் முழுசாகக் காய்ந்த பிறகு இன்ஜின் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்டுங்கள். ஆயில் இல்லாத ஸ்பாஞ்சில் நுண்தூசி தாண்டிப் போகும். ஆயில் மிஞ்சினால் காற்று அடைபட்டு பிளக் கரி பிடிக்கும்.

காய்ந்த பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம். ஆயில் ஊறினால் புதிது.

மாட்டிய 500 கிலோமீட்டருக்குப் பிறகு, ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் டியூபுக்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், ஃபில்டர் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஓரம் முழுக்க மெலிதாக கிரீஸ் தடவி உட்கார வையுங்கள். அந்த மண்தான் பிஸ்டன் ரிங்கைத் தின்கிறது.

கேள்வி: ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு. கம்பி விட்டுக் குத்தலாமா?

கூடாது. பித்தளை மென்மையான உலோகம், கம்பி பட்டால் ஓட்டை பெரிதாகும். பிறகு ஜெட்டில் 20 என்று எழுதியிருந்தாலும் அது 20 அல்ல. கார்ப் கிளீனரில் ஊறவைத்து காற்றடியுங்கள். பிடிவாதமாக இருந்தால் நைலான் நூலின் ஒற்றை இழை. கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் முனை ஜெட்டின் பிளவு முழுவதையும் நிரப்ப வேண்டும், இல்லையேல் தலை சிதைந்துவிடும்.

கேள்வி: ஈ20 பெட்ரோலுக்கு ஜெட் மாத்தணுமா, சார்?

சாதாரண பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20-க்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் போல பெட்ரோல் கூடுதலாக வேண்டும். கார்புரேட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளாது. ஏற்கெனவே கெட்டியாக ஓடும் வண்டியில் வித்தியாசமே தெரியாது. மெலிவின் அறிகுறி இருந்தால் நீடிலை ஒரு காடி ஏற்றுங்கள், போதாவிட்டால் மெயின் ஜெட் ஒரு அளவு. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் ஃப்ளோட் பவுலை (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: ஊட்டிக்குப் போறேன். மேலே வண்டி மந்தமாகுமே?

2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் கலவை கெட்டியாகும். ஓரிரு நாள் பயணத்துக்கு ஜெட்டைத் தொட வேண்டாம், மாற்று பிளக் ஒன்று போதும். மேலே ஜெட்டைக் குறைத்துவிட்டு அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கினால் சமவெளியில் கலவை மெலிந்துபோகும்.

கேள்வி: எல்லாம் கழுவி மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் ஃபுல் ரேஸ்ல போகுது!

உடனே ஆஃப் பண்ணுங்கள். ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். சரிவாக வெட்டிய பக்கம் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் காடி உள்ளேயிருக்கும் பின்னில் உட்கார வேண்டும். மூடியை இறுக்குமுன் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள். ஸ்லைடு அடியில் முட்டும் ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும். கேபிளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பும்போது ஐட்லிங் ஏறாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.